பிடி-1: நம் ஊர்க்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பகல்நேர வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வீடு எல்லை தாண்டி, கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தினமும் வேலந்தாவளம் வழியாகப் போய் வருகிறேன். பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் யாராவது ஒரு ரிப்போர்ட்டை நீட்டி, "இதுல பிடி-ஒன்னுன்னு போட்டிருக்குதுங்களே, அது என்னங்க?" என்று கேட்கிறார்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில், உள்ளூர் கிளினிக் மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். இந்த மூன்றுக்கும் நடுவில் பல முக்கியமான விஷயங்கள் விட்டுப்போகின்றன. அதனால் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிடி-1 என்றால் நோயா, மருந்தா, டெஸ்டா?

மூன்றும் இல்லை. அது ஒரு புரதம். எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. நோய்க்கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. அந்த டி செல் சண்டைக்குக் கிளம்பியதும் அதன் மேல்தோலில் இந்தப் புரதம் முளைக்கிறது. பி செல் போன்ற வேறு சில அணுக்களிலும் உண்டு. 288 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலிதான். அதைச் செய்வதற்கான மரபணு 2ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

அது என்ன வேலை செய்கிறது?

ஊரில் இரண்டு பேர் கைகலப்பில் இறங்கினால் என்ன நடக்கும்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வயதில் பெரியவர் ஒருவர் வந்து ஒருவன் தோளில் கை வைத்து, "போதும், விடு சாமி" என்பார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே நின்றுவிடுவான். பிடி-1 அந்தத் தோள். "போதும்" என்று வந்து படும் கைக்குப் பிடி-எல்1 என்று பெயர். அது மற்ற செல்களின் மேல் இருக்கும் இன்னொரு புரதம். பிடி-எல்2 என்று இன்னொரு கையும் உண்டு.

தோளில் கை பட்டதும், டி செல்லுக்கு உள்ளே ஷிப்-2 என்ற ஒரு நொதி வந்து ஒட்டுகிறது. "அடி, அடி" என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்த சமிக்ஞைகளை அது அணைத்துவிடும். டி செல் வேகம் குறைந்து, பெருகுவதை நிறுத்திக்கொள்ளும்.

இந்தக் கை எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் உடம்பின் மேல் மரியாதையே வருகிறது. காய்ச்சல் வந்து வீங்கிய திசுக்களில், சண்டை வீட்டையே இடித்துவிடாமல் இருக்க இது வெளியே வருகிறது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியிலும் உண்டு. குழந்தையில் பாதி அப்பாவுடைய மரபணு, தாயின் டி செல்லுக்கு அது அந்நியம். அங்கேயும் "இது நம்ம புள்ள, விடு" என்று சொல்வதில் இந்தப் புரதத்துக்குப் பங்கு இருக்கிறது.

பெயருக்கு என்ன அர்த்தம்? யார் கண்டுபிடித்தது?

1992இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடத்தில் யசுமாசா இஷிதா என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். செல்கள் தாமாகச் செத்துப்போவதற்கு எந்த மரபணு காரணம் என்று தேடியபோது கிடைத்ததால், "திட்டமிட்ட மரணம்-1" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் பிடி-1. அது சாகடிக்கும் புரதம் இல்லை, அடக்கும் புரதம் என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய பெயரே நின்றுவிட்டது. ரிப்போர்ட்டில் "மரணம்" என்ற சொல்லைக் கூகுளில் பார்த்துவிட்டு ஒரு அம்மா அழுதுகொண்டே வந்தார். அந்தப் பெயருக்காக யாரும் பயப்பட வேண்டாம்.

2018இல் ஹோன்ஜோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூடவே பெற்றவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன். சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு அடக்கும் புரதத்தில் வேலை செய்தவர் அவர். சிடிஎல்ஏ-4 சண்டை தொடங்கும் இடத்திலேயே தடுப்பது. பிடி-1 பெரும்பாலும் சண்டை நடக்கும் இடத்தில் தடுப்பது.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பல புற்றுநோய்க் கட்டிகள் தங்கள் மேல் பிடி-எல்1ஐ நிறைய வளர்த்துக்கொள்கின்றன. கொல்ல வந்த டி செல்லின் தோளிலேயே கை வைத்து, "போதும்" என்று சொல்லிவிடுகின்றன. டி செல் கட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கும், ஆனால் ஒன்றும் செய்யாது.

இப்போது கொடுக்கும் மருந்துகள் அந்தத் தோளைத் துணி போட்டு மூடிவிடுகின்றன. கை வந்தாலும் படாது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் அப்படி வேலை செய்பவை. இரண்டும் 2014இல் அனுமதி பெற்றன. அடிசோலிசுமாப், துர்வாலுமாப் போன்றவை தோளை விட்டுவிட்டு, கையைக் கட்டிப்போடுகின்றன. இந்தச் சிகிச்சை முறைக்கு இம்யூனோதெரபி என்று பெயர்.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், 90 வயது கடந்த பிறகு, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளை வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கூடவே பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில், 100 வயதில்தான் இறந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதுவும் கீமோவும் ஒன்றா?

இல்லை. கீமோ வேகமாகப் பெருகும் செல்களை நேரடியாகத் தாக்கும். இது புற்றுநோய்ச் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை, நம் டி செல்லை விடுவிக்கிறது. முடி பொதுவாகக் கொட்டாது, வாந்தியும் குறைவு. பார்ப்பதற்கும் எளிமையாக இருக்கும். ஐஸ் பெட்டியில் சின்னக் குப்பி வரும். குலுக்காமல் எடுத்து, சலைன் பையில் கலந்து, மெல்லிய வடிகட்டி வைத்த குழாய் வழியாக அரை மணி நேரம் ஏற்றுவோம். ஆள் டீ குடித்துவிட்டு நடந்தே பஸ் ஏறிவிடுவார். அப்படி எளிமையாகத் தெரிவதால்தான் பின்னால் வரும் தொந்தரவை யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

ரிப்போர்ட்டில் பிடி-எல்1 இத்தனை சதவீதம் என்று இருக்கிறதே?

அது ரத்தப் பரிசோதனை அல்ல. பயாப்சியில் எடுத்த கட்டித் துண்டுக்குச் சாயமேற்றி, எத்தனை செல்களில் பிடி-எல்1 தெரிகிறது என்று எண்ணுவது. அதிகமாக இருந்தால் மருந்து கேட்க, அதாவது பலன் தர, வாய்ப்பு அதிகம். ஆனால் பூஜ்யம் என்று வந்தவர்களிலும் சிலருக்குக் கேட்டிருக்கிறது, நிறைய இருந்தும் கேட்காமல் போயிருக்கிறது. அதனால் அந்த எண்ணை நோயின் தீவிரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "எனக்கு எண்பது பர்சன்ட் புத்துநோய்" என்று ஒரு தாத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 80 சதவீதம் என்பது அவருக்கு ஒரு வகையில் நல்ல செய்தி.

யாருக்கு இந்த மருந்து நன்றாகக் கேட்கும்?

மெலனோமா, நுரையீரல், சிறுநீரகம், தலை-கழுத்துப் புற்றுநோய்கள், ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றில் பயன் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இன்னொரு கூட்டமும் உண்டு: டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் அமைப்பு கெட்டுப்போன கட்டிகள். பிழை நிறைய இருப்பதால் டி செல் அவற்றை அந்நியம் என்று எளிதில் அடையாளம் காண்கிறது. அத்தகைய மலக்குடல் புற்றுநோய் இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற பிடி-1 மருந்தை மட்டும் கொடுத்ததில், 12 பேருக்குமே கட்டி மறைந்ததாக 2022இல் செய்தி வந்தது. அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. குடல் புற்றுநோய் என்றால், கட்டியில் அந்தத் திருத்தும் அமைப்பு கெட்டிருக்கிறதா என்று பரிசோதனை செய்தார்களா என டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆனால் குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வகை இல்லை, அவற்றுக்கு இந்த மருந்து தனியாக வேலை செய்வதில்லை.

செலவு தாங்குமா? குறைந்த அளவில் கொடுக்கிறார்களாமே, அது ஏமாற்று வேலையா?

ஏமாற்று இல்லை. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் நம் பக்கத்தில் வெற்றிலை புகையிலைப் பழக்கமும் வாய்ப் புற்றுநோயும் அதிகம்.

நிவோலுமாபின் வழக்கமான அளவு 2 வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். ஒவ்வொரு முறையும் பெரிய தொகை ஆகும். காடு விற்றாலும் தாங்காது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில், அறுவை சிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் குறைந்த அளவு மாத்திரைச் சிகிச்சை. ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே 3 வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 16.3 சதவீதம், நிவோலுமாபும் சேர்த்து எடுத்த குழுவில் 43.4 சதவீதம். 2022இன் கடைசியில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

அவ்வளவு குறைவாகக் கொடுத்தும் எப்படி வேலை செய்கிறது? தோளை மூட எத்தனை துணி வேண்டுமோ அத்தனை போதும், அதற்கு மேல் கொட்டினாலும் மூட வேறு தோள் இல்லை. மிகக் குறைந்த அளவிலேயே பிடி-1 பெரும்பாலும் மூடப்பட்டுவிடுகிறது என்று ஆரம்பகால ஆய்வுகளிலேயே தெரிந்தது. எல்லாப் புற்றுநோய்க்கும் இது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "முழு டோஸ் போட வசதி இல்லை" என்று சிகிச்சையையே விட்டுவிட நினைப்பவர்கள், டாக்டரிடம் இதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் துர்வாலுமாப் உட்பட 3 புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரியை மத்திய அரசு நீக்கியது. அதுவும் ஒரு சின்ன ஆறுதல்.

எல்லைக்காரர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டுக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். நம் கையில் இருப்பது கேரள அட்டை. முதல் டோஸுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பிடி-1 சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்?

"போதும்" என்று சொல்ல ஆளே இல்லாத சண்டை ஆகிவிடும். ஹோன்ஜோவின் குழு எலிகளில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தது. ஒரு வம்ச எலிக்கு, உடம்பே தன் உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்ற நோய் போல மூட்டும் சிறுநீரகமும் கெட்டன. இன்னொரு வம்ச எலிக்கு இதயம் வீங்கியது. நீக்கியது ஒரே மரபணு, வந்த நோய் வேறு வேறு. குடும்பத்துக்குக் குடும்பம் தைராய்டு, முடக்குவாதம், வெண்புள்ளி என்று மாறி மாறி வருவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த எலிகள்தான் நினைவுக்கு வரும். மனிதர்களிலும் இந்த மரபணுவில் உள்ள ஒரு சிறு வேறுபாட்டுக்கும் லூபஸுக்கும் தொடர்பு இருப்பதை 2002இல் சில ஐரோப்பிய, மெக்சிகக் குடும்பங்களில் கண்டார்கள். அதற்காக யாரும் ஜீன் டெஸ்ட் எடுக்க ஓட வேண்டியதில்லை. லூபஸுக்குக் காரணங்கள் பல, இது அதில் ஒரு இழை.

பிறவியிலேயே பிடி-1 இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி 2021இல் எழுதினார்கள். அவனுக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை நோய், தன்னுடல் தாக்கும் வேறு நோய்கள், கூடவே காசநோய். நுரையீரலை அவன் உடம்பே தாக்கியதில் இறந்துபோனான். அடக்கும் புரதம் இல்லாதவனுக்குச் சண்டை பலமாகத்தானே இருக்க வேண்டும், காசநோய் எப்படி வந்தது? காசநோய்க் கிருமியைக் கட்டிவைக்கக்கூட அளவான, ஒழுங்கான சண்டை தேவைப்படுகிறது. பிடி-1 இல்லாத எலிகளும் காசநோயில் சீக்கிரம் செத்துப்போகின்றன.

எதிர்ப்பக்கத்திலும் தொல்லை உண்டு. எச்ஐவி போல வருடக்கணக்கில் இழுக்கும் கிருமித் தொற்றில், டி செல்களின் தோளில் ஓயாமல் கை பட்டுப் பட்டு அவை களைத்துப்போகின்றன. 2006இல் இதை எலிகளில் காட்டிய குழுவுக்குத் தலைவர், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்த ரஃபி அகமது.

பக்கவிளைவு என்ன? எப்போது பயப்பட வேண்டும்?

என் தாய்மாமனைப் பற்றிச் சொல்கிறேன். கன்னத்தில் புண், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மறுபடியும் வந்தது. குறைந்த அளவு நிவோலுமாப் ஆரம்பித்தார்கள். மூன்றாவது டோஸுக்குப் பிறகு புண் சுருங்கி, மாமா வாயைத் திறந்து குழைந்த சோறு சாப்பிட்டார். அத்தை அன்றைக்குப் போன் பண்ணிப் பேச முடியாமல் விம்மினார்.

ஐந்தாவது டோஸ் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். வேலை முடிந்து பார்க்கப் போனேன். மாமா கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் சொம்பில் மோர், தொட்டிருக்கவில்லை.

"ஏனுங் மாமா, என்னாச்சுங்?"

"ஒன்னுமில்ல கண்ணு. அஞ்சு நாளா வயித்தால போகுது. மாத்திரை வாங்கிப் போட்டேன். நிக்கும்."

ஒரு நாளைக்கு எட்டு முறை. சளியோடு ரத்தமும் கலந்திருந்தது. பக்கத்துக் கிளினிக்கில் சாதாரணப் பேதி என்று நினைத்து, நிறுத்தும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாமாவும் இம்யூனோதெரபி எடுப்பதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அது கிருமியால் வந்த பேதி இல்லை. தோள் மூடப்பட்ட டி செல்கள் அவருடைய பெருங்குடலையே தாக்கிக்கொண்டிருந்தன. அன்று ராத்திரியே கோவைக்குக் கூட்டிப்போய், எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் நின்றது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கலாம். நர்ஸாக இருந்தும், முதல் டோஸ் அன்றே இதைச் சொல்லி வைக்கவில்லையே என்று இன்றும் மனசு உறுத்துகிறது. இந்தப் பக்கத்தை எழுத அதுதான் முதல் காரணம்.

எந்த உறுப்பையும் தாக்கலாம். தோலில் அரிப்பும் தடிப்பும் சகஜம். தைராய்டு குறைவதும் அடிக்கடி வரும்: அசதி, குளிர் தாங்காமை, எடை கூடுதல். மாத்திரையில் சமாளித்துவிடலாம். நாள் கடத்தக் கூடாதவை வேறு: பேதி, புதிதாக வரும் வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குவது, கண் மஞ்சளாவது, திடீரென்று தாகமும் அடிக்கடி சிறுநீரும், நெஞ்சுவலி, இமை தொங்கிப்போவது, விடாத தலைவலி. இதயம் தாக்கப்படுவது அபூர்வம், ஆனால் உயிரை எடுக்கும். ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் தைராய்டு, ஈரல், சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் ரத்தத்தில் பார்ப்பது இதற்காகத்தான். "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு" என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்தை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. இப்போதும் வருமா?

வரும். ஏற்றிய மருந்து டி செல்லின் தோளில் இரண்டு மாதத்துக்கு மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளப்பிவிட்ட டி செல்கள் அதற்கும் பிறகும் வேலை செய்யும். கடைசி டோஸிலிருந்து ஒரு வருடமாவது கவனம் வேண்டும்.

ஸ்டீராய்டு கொடுத்தால் போட்ட மருந்தெல்லாம் வீணாகிவிடாதா?

பக்கவிளைவுக்காகக் கொடுக்கும்போது அந்தக் கவலை வேண்டாம். அப்படி ஸ்டீராய்டு எடுத்த பலருக்கும் கட்டி அடங்கியே இருக்கிறது. மாமாவுக்கு நிவோலுமாபை நிறுத்திவிட்டார்கள், புண் மறுபடி பெரிதாகவில்லை. ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் பேதி திரும்பிவிடும்.

ஏற்கனவே முடக்குவாதம், காசநோய், கிட்னி மாற்று என்று இருந்தால்?

முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முடக்குவாதம், சொரியாசிஸ் போன்றவை கிளம்பலாம், ஆனாலும் கண்காணிப்போடு பலருக்குக் கொடுக்கிறார்கள். காசநோய் பழையதாக இருந்தாலும் சொல்லுங்கள், அது மறுபடி தலைதூக்கியவர்கள் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் இருந்தால் உடம்பு அதைத் தள்ளிவிடும் ஆபத்து உண்மையிலேயே பெரியது. கர்ப்பமாக இருந்தால் கூடாது, காரணம் மேலே நஞ்சுக்கொடி பற்றிச் சொன்னதுதான்.

அப்படியென்றால் பிடி-1ஐத் தூண்டிவிட்டு முடக்குவாதத்தைக் குணப்படுத்தலாமே?

நல்ல கேள்வி. இதை என்னிடம் கேட்டது பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். அதைத்தான் முயற்சி செய்து பார்க்கிறார்கள். பெரெசோலிமாப் என்ற மருந்து தோளை மூடாமல், பெரியவரின் கையைப் போலவே தோளை அழுத்துகிறது. 2023இல் வந்த ஆய்வில் முடக்குவாதக்காரர்களுக்கு ஓரளவு பலன் தெரிந்தது. கடையில் வாங்கும் மருந்தாக இந்த வகையில் இன்னும் எதுவும் வரவில்லை. சிடிஎல்ஏ-4இல் மட்டும் இது ஏற்கனவே நடந்திருக்கிறது. அந்தப் புரதத்தின் ஒரு பகுதியை வைத்தே செய்த அபடாசெப்ட் 2005 முதல் முடக்குவாதத்துக்குப் பயன்படுகிறது.

எதிர்ப்பு சக்தி கூட்ட கஷாயம், லேகியம் சேர்த்துக்கொள்ளலாமா?

அன்போடு வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் இந்த மருந்து ஏற்றியவரின் எதிர்ப்பு சக்தி ஏற்கனவே கட்டவிழ்ந்து நிற்கிறது. ஈரல் எண்கள் ஏறினால் அது மருந்தாலா, லேகியத்தாலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் டோஸ் தள்ளிப்போகும். எதைச் சாப்பிட்டாலும் டப்பாவையே கொண்டுவந்து டாக்டரிடம் காட்டுங்கள். ரசம், மஞ்சள், இஞ்சி சமையலில் இருப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை.

ராத்திரி நேரத்தில் இங்கேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் என்ன சொல்வது?

முதல் டோஸ் அன்று ஒரு சின்ன அட்டை கொடுப்போம். மருந்தின் பெயர், கடைசித் தேதி, கூப்பிட வேண்டிய எண் எல்லாம் அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டோடு பீரோவில் வைக்காமல் சட்டைப் பையில், மணிபர்ஸில் வையுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக் கூட வருபவருக்கும் அனுப்பிவிடுங்கள். பேதி, காய்ச்சல் என்று ஆரம்பிப்பதற்கு முன் அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு, மலையாளத்திலேயே சொல்லலாம்: "ஞான் இம்யூனோதெரப்பி எடுக்குன்ன ஆளாணு. கீமோ அல்ல." மாமா இப்போது காய்ச்சலுக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார்.